மைலேஜ் கால் பங்கு ஆக்சிலேட்டரில் இருக்கிறது: கார்புரேட்டர் அளவும் ஜெட் அளவும்

போன பங்குனியில் நரசிங்கம் பக்கம் பால் ஊற்றும் அண்ணன் ஒருவர் தன் பழைய ஸ்பிளெண்டரோடு ஒத்தக்கடையில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார். லிட்டருக்கு 60 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 44-க்கு இறங்கிவிட்டது. "ரெண்டு பட்டறை பாத்தாச்சு தம்பி. ஒருத்தர் சின்ன ஜெட் போட்டாரு. இன்னொருத்தர் அந்த ஜெட்டுக்குள்ளயே கம்பி விட்டாரு. இழுவையும் போச்சு, மைலேஜும் வரல" என்றார். குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது. தினம் நாற்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அந்த 16 கிலோமீட்டர் வித்தியாசம் மாதக் கடைசியில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றி, அதன் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான பவுலைத் திறந்தேன். பெட்ரோலை அளந்துவிடும் பொடித் துளையுள்ள பித்தளைத் திருகுதான் ஜெட். மெயின் ஜெட்டின் துளைக்குள் ஒரு செம்புக் கம்பி இழை இருந்தது. கரண்ட் ஒயரிலிருந்து உருவி, விழாமல் இருக்க நுனியை மடக்கிவிட்டிருந்தார்கள். இந்த வேலையை மதுரையைச் சுற்றி எத்தனையோ வண்டிகளில் பார்த்துவிட்டேன். துளை சிறுத்தால் பெட்ரோல் குறையும் என்ற எண்ணத்தில் செய்வது. ஆனால் அந்த அண்ணன் இரண்டு பக்கமும் கேனைத் தொங்கவிட்டு 35, 40-க்கு மேல் போகாதவர். அந்த வேகத்தில் பெட்ரோலை அளந்து கொடுப்பது மெயின் ஜெட் அல்ல.

இதை மட்டும் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறதோ அதைப் பொறுத்து கார்புரேட்டருக்குள் ஒவ்வொரு பாகம் பொறுப்பெடுக்கும். ஐட்லிங்கிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை ஸ்லோ ஜெட்டும் அதன் ஸ்க்ரூவும். அதற்கு மேல் கால் பங்கு வரை, மேலும் கீழும் போகும் ஸ்லைடின் அடியில் சரிவாக வெட்டியிருக்கும் வெட்டு. கால் பங்கிலிருந்து முக்கால் வரை, ஸ்லைடில் தொங்கும் கூரான ஊசியான நீடிலும் அது இறங்கி ஏறும் பித்தளைக் குழாயும். முக்காலுக்கு மேல் முழுசாகத் திருகும்போதுதான் மெயின் ஜெட். எல்லைக்கோடு போட்டதுபோல ஒன்று நின்று மற்றது தொடங்காது, ஒன்றோடொன்று கலந்துதான் வரும். ஆனாலும் ஊருக்குள் ஓடும் வண்டி தன் நாளில் பெரும்பகுதியைக் கால் ஆக்சிலேட்டரில்தான் கழிக்கிறது. மாட்டுத்தாவணியிலிருந்து கோரிப்பாளையம் வரை போய்ப் பாருங்கள், முக்கால் திறக்க எங்கே இடம் இருக்கிறது?

ஆக, மைலேஜ் குறைகிறது என்றால் மெயின் ஜெட்டில் கைவைப்பதற்கு முன் நீடிலையும் ஸ்லோ ஜெட்டையும் பார்க்க வேண்டும். மெயின் ஜெட்டைச் சிறிதாக்கினால் என்ன ஆகும்? மெதுவாகப் போகும்போது ஏதும் தெரியாது. மேலூர் ரோட்டில் லாரியை முந்தலாம் என்று முழுசாகத் திருகும்போது இன்ஜினுக்குப் பெட்ரோல் போதாது. இழுக்காது, சூடாகும். டூ ஸ்ட்ரோக் வண்டியாக இருந்தால் இன்னும் மோசம். டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பரில் ஆயிலை பெட்ரோலோடு கலந்துதான் ஊற்றுகிறோம். பெட்ரோலைக் குறைத்தால் ஆயிலும் சேர்ந்து குறையும். பிஸ்டன் பிடித்துக்கொண்டு வந்த வண்டிகளில் சிலவற்றுக்கு இதுதான் காரணம். அன்றைக்கு மிச்சம் பிடித்த பெட்ரோல் காசு சிலிண்டரைக் குடையும் போரிங் கூலிக்கே பத்தாது.

இப்போது ஜெட் எண் விஷயம். ஜெட்டின் தலையில் 78, 90, 100 என்று பொடியாக எண் அடித்திருக்கும். கெய்ஹின் கம்பெனி ஜெட்டில் அது துளையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. 78 என்றால் 0.78 மி.மீ. மிகுனியின் மெயின் ஜெட்டில் வழக்கமாக வரும் எண் விட்டம் அல்ல, எவ்வளவு பெட்ரோல் பாய்கிறது என்ற அளவு. அதனால் ஒரு கம்பெனி ஜெட் எண்ணைப் பார்த்து அதே எண்ணை இன்னொரு கம்பெனியில் வாங்கிப் போடக் கூடாது. இரண்டும் வேறு. விட்டக் கணக்கில் 95-ஐ எடுத்து 100 போட்டால் ஐந்து சதவீதம்தான் கூடியதாகத் தோன்றும். ஆனால் வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் கூடும். 100-ஐ 95-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.108. கிட்டத்தட்ட 11 சதவீதம் அதிக வழி. 100-லிருந்து 110-க்குத் தாவினால் 21 சதவீதம். பாயும் அளவில் எண் போட்ட ஜெட்டில் 95-லிருந்து 100 என்றால் ஐந்து சதவீதம் சொச்சம்தான். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் இரண்டு மூன்று எண் தாண்டிப் போட்டுவிட்டுத் திண்டாடுகிறார்கள்.

கம்பியால் ஜெட்டைக் குத்திச் சுத்தம் செய்யக் கூடாது என்று என் குரு எனக்குக் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். காரணமும் இந்த வர்க்கக் கணக்குதான். பித்தளை மெத்தென்ற உலோகம். இரும்புக் கம்பி நாலு தடவை போய்வந்தால் துளை கண்ணுக்குத் தெரியாமல் பெருத்துவிடும். கிளீனர் அடித்து ஊறவிடுங்கள், காற்று வைத்து ஊதுங்கள். அதற்கும் மசியாத அடைப்புக்குத் தூண்டில் நரம்பில் மெல்லியது ஒரு துண்டு போதும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

இனி நீடில். பழைய வண்டியின் மைலேஜைக் கெடுப்பதில் எனக்கு முதல் சந்தேகம் எப்போதும் இதன் மேல்தான். நீடில் ஒரு பித்தளைக் குழாய்க்குள் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய வளைய இடைவெளிதான் பெட்ரோல் ஏறும் வழி. வண்டி ஆடும் ஆட்டத்தில் நீடில் குழாயோடு உரசிக்கொண்டே இருக்கும். வருஷக்கணக்கில் உரசினால் குழாயின் வாய் முட்டை வடிவமாகிவிடும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். குழாயின் வாய் 2.60 மி.மீ., அந்த இடத்தில் நீடில் 2.50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 2.60-ன் வர்க்கம் 6.76, 2.50-ன் வர்க்கம் 6.25. வித்தியாசம் 0.51. இப்போது குழாய் தேய்ந்து 2.62 ஆகிவிட்டது. வித்தியாசம் 0.61-ஐத் தாண்டுகிறது. மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு தேய்மானம், பெட்ரோல் போகும் வழியை 20 சதவீதம் அகலமாக்கிவிட்டது! அதுவும் நீங்கள் நாள் முழுக்க ஓட்டும் கால் ஆக்சிலேட்டரில். மெயின் ஜெட்டைச் சிறிதாக்கி இதைச் சரிசெய்ய முடியாது. நீடிலும் குழாயும் சேர்ந்த செட்டாக மாற்றுவது ஒன்றுதான் வழி. நீடிலை மட்டும் மாற்றினால் தேய்ந்த குழாய் அப்படியே இருக்கும்.

பால்கார அண்ணன் வண்டியிலும் அதுதான். நீடிலின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. குழாயின் வாயைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது ஒரு பக்கம் இழுத்தது தெரிந்தது.

வீட்டிலேயே பார்க்க நினைக்கிறவர்களுக்கு நான் செய்யும் வரிசையைச் சொல்கிறேன். கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் வண்டியை நியூட்ரலில் தள்ளிப் பாருங்கள். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலோ, டயரில் காற்று இல்லாவிட்டாலோ, செயின் இறுகியிருந்தாலோ ஜெட் என்ன பாவம் செய்தது? ஏர் ஃபில்டரையும் அப்போதே தட்டிப் பாருங்கள். மேலூர்ப் பக்கம் கல் வெட்டும் இடங்களில் ஓடும் வண்டிகளின் ஃபில்டர் மாவு சலித்ததுபோல இருக்கும். காற்று அடைத்தால் பெட்ரோல் விகிதம் தானாகக் கூடிவிடும்.

அப்புறம் அளக்க வேண்டும். டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்ப்பது பத்து நாள் வேலை. பட்டறையில் நாங்கள் 100 மில்லி பாட்டிலில் பார்ப்போம். பெட்ரோல் டியூபை டேங்கிலிருந்து எடுத்து, அளவு போட்ட சிறு பாட்டிலில் மாட்டி, சூடான பாகத்தில் படாமல் ஹேண்டில் பக்கம் இறுகக் கட்டிக்கொள்வோம். இதைக் கை பழகியவரை வைத்துச் செய்யுங்கள், டியூபில் கசிவு இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். முதலில் கார்புரேட்டர் பவுலில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்து வண்டி நிற்கட்டும். பிறகு 100 மில்லி ஊற்றி, நிற்கும்வரை ஓட்டி, வந்த தூரத்தைப் பத்தால் பெருக்கினால் லிட்டர் கணக்கு. நான் விடிகாலையில் மேலூர் நாலு வழிச் சாலையில் 40-ல் போவேன். போகும்போது ஒரு 100, திரும்பும்போது ஒரு 100. ஆனைமலையைத் தாண்டினால் காற்று ஒரு பக்கமாக அடிக்கும், ஒரே திசையில் பார்த்த கணக்கு பொய் சொல்லும். அண்ணன் வண்டி இரண்டு பக்கமும் சேர்த்துச் சராசரி 4.4 கிலோமீட்டர் வந்தது. கணக்கு அவர் சொன்னபடியே இருந்தது.

அளந்த பிறகு பவுலில் பெட்ரோல் மட்டம். அந்த மட்டத்தைக் காக்கும் மிதவைதான் ஃப்ளோட். அதன் உயரம் தவறிப் பெட்ரோல் மட்டம் ஏறினால், ஐட்லிங்கிலிருந்து முழுத் திறப்பு வரை எல்லா இடத்திலும் கலவை கெட்டியாகும், அதாவது பெட்ரோல் விகிதம் கூடும். டிரெயின் குழாயில் ஒரு கண்ணாடி டியூபை மாட்டி, பவுல் ஓரமாக மேல்நோக்கிப் பிடித்து ஸ்க்ரூவைத் திறந்தால் உள்ளே இருக்கும் மட்டம் டியூபில் தெரியும். அந்த வண்டிக்குச் சொல்லப்பட்ட அளவோடு ஒத்துப் பாருங்கள். ஃப்ளோட் ஊசியின் நுனியில் வளையம்போலத் தடம் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மலிவான சாமான்தான்.

ஸ்லோ ஜெட் ஸ்க்ரூவைத் திருப்புவதில் பலர் தவறுகிறார்கள். அந்த ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளக்கிறது, உள்ளே முறுக்கினால் பெட்ரோல் விகிதம் கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் அது கலவையை அளக்கிறது, உள்ளே முறுக்கினால் குறையும். இரண்டும் நேர் எதிர். வண்டியை நாலு கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கி, ஐட்லிங்கைக் கொஞ்சம் ஏற்றி வைத்து, ஸ்க்ரூவை கால் கால் சுற்றாகத் திருப்புங்கள். இன்ஜின் எந்த இடத்தில் அதிக வேகமாக, நிதானமாகச் சுற்றுகிறதோ அதுதான் இடம். பெரும்பாலும் முழுசாக மூடியதிலிருந்து ஒன்றரை, இரண்டு சுற்றுக்குள் கிடைத்துவிடும். அப்புறம் ஐட்லிங்கை இறக்குங்கள். மூன்று சுற்றுக்கு மேல் வெளியே வந்தும் சரியாகவில்லை என்றால் ஸ்லோ ஜெட் அளவே தவறு, அல்லது இன்லெட் பைப் ரப்பரில் காற்று புகுகிறது. சோப்பு நீரை அந்த இணைப்பில் தடவிப் பாருங்கள். இன்ஜின் சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான்.

நீடில் கிளிப்புக்கு வழக்கமாக ஐந்து பள்ளம் இருக்கும். கிளிப்பை மேல் பள்ளத்துக்கு மாற்றினால் நீடில் கீழே இறங்கும், வழி குறுகும், பெட்ரோல் குறையும். கிளிப் கீழே போனால் நீடில் ஏறும், பெட்ரோல் கூடும். சில வண்டிகளில் ஒரே பள்ளம்தான். அங்கே கிளிப்பின் அடியில் மெல்லிய வாஷர் போட்டு ஏற்றலாம். ஒரு தடவைக்கு ஒரு பள்ளம், ஒரு பாட்டில் ஓட்டம். இரண்டு மாற்றத்தை ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

எவ்வளவு குறைக்கலாம்? ஒரு கிராம் பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். ஏற்றத்தில் இழுக்க 12.5, 13 அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். சமதளத்தில் ஒரே சீராகப் போகும்போது 15, 16 வரை காற்றைக் கூட்டி நீர்க்கவிட்டால் சிக்கனம். அதற்கு மேல் நீர்த்தால் எரிவது மந்தமாகி வண்டி உதறும். ஓட்டுகிறவர் இழுவைக்காக இன்னும் திருகுவார், சேமித்தது போய்விடும். ப்ளக்கைக் கழற்றினால் நிறம் சொல்லும். கறுப்புப் புகைபோல இருந்தால் கெட்டி. வெள்ளையாக வெளுத்திருந்தால் நீர்த்தது. காப்பிப் பொடி நிறம் சரி. ஆனால் ஐட்லிங்கில் ஐந்து நிமிஷம் நின்ற வண்டியின் ப்ளக்கைப் பார்த்து மெயின் ஜெட்டை மாற்றாதீர்கள். எந்தத் திறப்பைச் சோதிக்கிறீர்களோ அதில் கொஞ்சத் தூரம் ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடித்து இன்ஜினை நிறுத்திவிட்டுக் கழற்ற வேண்டும்.

இனி கார்புரேட்டர் அளவு. அழகர்கோவில் ரோட்டிலிருந்து கல்லூரிப் பையன் ஒருவன் ஆர்எக்ஸ் 100 கொண்டுவந்தான். அதில் வருவது 20 மி.மீ. வாய் உள்ள மிகுனி கார்புரேட்டர். அவன் 28 மி.மீ. மாட்டியிருந்தான். "பெரிய கார்புனா பவர் வரும்னு சொன்னாங்கண்ணே. கீழ இருந்து திருகுனா அடைக்குது. 22 தான் கொடுக்குது."

28-ஐ 20-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.96. காற்று போகும் வாசல் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிட்டது. இன்ஜின் அதே 98 சிசிதான், இழுக்கும் காற்றும் அவ்வளவேதான். குறைந்த வேகத்தில் டக்கென்று திருகினால் அந்தக் காற்று பெரிய வாசலில் பாதி வேகத்தில்தான் போகும். காற்றின் வேகம் பாதியானால் பெட்ரோலை மேலே உறிஞ்சும் இழுப்பு நாலில் ஒரு பங்காகிவிடும். பெட்ரோல் புகைபோலத் தூளாகாமல் துளித்துளியாக வந்து இன்லெட் பைப் சுவரில் ஒட்டும். இன்ஜின் அடைக்கும்.

இங்கேதான் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. பெரிய கார்புரேட்டர் தானாகப் பெட்ரோலைக் குடிப்பதில்லை. 40-ல் சீராகப் போக இன்ஜினுக்கு எவ்வளவு காற்று வேண்டுமோ அவ்வளவுதான் வேண்டும். வாசல் பெரிதானால் ஸ்லைடு குறைவாக ஏறும், அவ்வளவுதான். ஜெட் சரியாக அமைந்தால் அந்த ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் வராது. நஷ்டம் வருவது வேறு வழியில். கீழே அடைக்கிறது என்று ஸ்லோ ஜெட்டைப் பெரிதாக்குவார்கள், நீடிலைக் கடைசிப் பள்ளம் வரை தூக்குவார்கள். திருகும் ஒரு நொடிக்காகக் கூட்டிய பெட்ரோல் மீதி நாள் முழுக்க வீணாகப் போய்க்கொண்டே இருக்கும். அந்தத் தம்பி வண்டியிலும் கிளிப் ஐந்தாவது பள்ளத்தில் இருந்தது. பழைய 20-ஐ வீட்டில் வைத்திருந்தான். அதைக் கழுவி, சொந்த ஜெட்டோடு மாட்டி, ஏர் ஃபில்டர் பெட்டியையும் திரும்ப வைத்தேன். பாட்டிலில் 3.8 வந்தது. சைலன்சர், போர்ட் எல்லாம் சேர்த்து மேல் வேகத்துக்காக இன்ஜின் வேலை செய்திருந்தால் பெரிய கார்புரேட்டருக்கு அர்த்தம் உண்டு. கம்பெனி இன்ஜினுக்குப் பெரியது வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. பின்னால் வந்த பல வண்டிகளில் இருக்கும் வேக்குவம் வகை, இந்த அடைப்பைத் தவிர்க்கத்தான். அதில் ஆக்சிலேட்டர் கேபிள் ஸ்லைடைத் தூக்காது. காற்றின் இழுப்பே ரப்பர் டயஃப்ரம் வழியாகத் தூக்கும், இன்ஜின் கேட்கும் அளவுக்குத்தான் வாசல் திறக்கும். அந்த ரப்பரில் ஊசி முனை ஓட்டை விழுந்தாலும் ஸ்லைடு சரியாக ஏறாது, வண்டி இழுக்காது.

சிறியதை மாட்டினால் மிச்சமாகுமா என்று புல்லட்காரர்கள் கேட்பார்கள். பழைய 350 சிசி வண்டியில் 24 மி.மீ., 500-ல் 28 மி.மீ. என்று இன்ஜினுக்குத் தக்கபடிதான் கொடுத்திருக்கிறார்கள். சிறியதில் கீழே இழுவை நன்றாக இருக்கும். ஆனால் வேகம் எடுக்க எப்போதும் முழுசாகத் திருகியே ஓட்டுவீர்கள், கலவை கெட்டியாக இருக்கும் இடமே அதுதான். மிச்சம் ஒன்றும் வராது.

கொடைக்கானலுக்கு ஓட்டிப்போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே சுமார் 2,100 மீட்டர் உயரம். காற்று மெலிந்திருப்பதால் இங்கே சரியாக இருந்த ஜெட் அங்கே கெட்டியாகும். ப்ளக் கறுக்கும், இழுவை குறையும். இரண்டு நாளுக்காக ஜெட்டை மாற்ற வேண்டாம், இறங்கினால் சரியாகிவிடும்.

இப்போது பம்பில் ஊற்றும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் இதற்கு நேர் எதிர். எத்தனாலுக்கு எரிய வேண்டிய காற்று குறைவு, ஒரு கிராமுக்கு 9 கிராம்தான். 20 சதவீதம் கலந்தால் 14.7 என்பது 13.5 அளவுக்கு இறங்கும். கார்புரேட்டருக்கு இது தெரியாது, பழைய அளவிலேயே ஊற்றும். அதனால் கலவை சுமார் எட்டு சதவீதம் நீர்த்துப்போகும். ஏற்கெனவே ஓரத்தில் வைத்த வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், திருகும்போது விக்கும். கிளிப்பை ஒரு பள்ளம் இறக்கிப் பாருங்கள், ஸ்லோ ஸ்க்ரூவைத் திரும்ப அமையுங்கள். பழைய டூ வீலர்களில் இ20-ஆல் மைலேஜ் 3, 4 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. அந்த அளவு குறைவுக்கு ஜெட்டைச் சிறிதாக்கிப் பரிகாரம் தேடினால் இன்ஜின்தான் சூடாகும். வண்டி வாரக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் பவுலில் இருப்பதை வடித்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பித்தளையில் பச்சை பூத்துவிடும்.

பால்கார அண்ணன் வண்டிக்குக் கம்பியை உருவி எறிந்தேன். கம்பெனி எண்ணுள்ள மெயின் ஜெட், புது நீடில், புதுக் குழாய் மூன்றும் போட்டு, ஃப்ளோட்டை ஒரு மில்லிமீட்டர் இறக்கினேன். மறுநாள் விடிகாலை பாட்டிலில் போக 5.7, வர 5.9. அவர் பின்னால் உட்கார்ந்து மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தார். வண்டியை எடுக்கும்போது பக்கக் கவரின் உள்பக்கம் ஜெட் எண், கிளிப் பள்ளம், ஸ்க்ரூ எத்தனை சுற்று, தேதி எல்லாவற்றையும் பெயிண்ட் மார்க்கரில் எழுதிக் கொடுத்தேன். அடுத்து எந்தப் பட்டறையில் கழற்றினாலும் முதலில் அதைக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.